தும்பு மீசை இல்லாத படம் ஒன்று

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

காலஞ்சென்ற பப்படம் சிவபாலனின் மனைவி பாக்கியலெட்சுமி கைகூப்பி எழுதுவது. நீங்களும் உங்கள் வீட்டாரும், அங்கே அச்சடிக்கிற பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

விஷயம் இதுதான் ஐயா. அடுத்த மாதம் அவருடைய முதலாம் வருஷத் திவசம். உங்கள் பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும். அதற்கு அவருடைய சொந்த முகம் உள்ள படம் ஒன்று வேண்டும். தும்பு மீசை வைக்காத, கண்ணை உருட்டாத முகம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் அது இல்லை என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து செட்டியார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை போட்டவர். சாப்பிட வருகிறவர்களைப் போல நடந்து காட்டி, கதைத்துக் காட்டி, அப்படியே கோயில் திருவிழா மேடையில் ஏறி, பிறகு ரேடியோ, டி.வி., லண்டன், கனடா என்று போய், பப்படம் என்றால் தெரியாத தமிழ் ஆள் இல்லை என்றாகிவிட்டது. மீசை அவரே வீடு கூட்டுகிற தும்புக்கட்டையிலிருந்து பிடுங்கிக் கட்டியது. அது இல்லாமல் படம் பிடிக்க விடமாட்டார். மீறிப் பிடித்தால் கமராவைக் கண்டதும் முகம் தானாகக் கோணிக்கொள்ளும். கலியாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படத்திலேயே இவருடைய நாக்கு வெளியே இருக்கிறது, ஐயர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். அடையாள அட்டையில் ஒரு புருவம் மேலே, ஒன்று கீழே. செக் பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள், புருவத்தை அதே மாதிரித் தூக்கிக் காட்டினால்தான் "ஹரி, யன்ன", சரி போ என்று சிங்களத்தில் சொல்லி விடுவார்கள்.

அதனால் போன வருஷம் மரண அறிவித்தலுக்கும் நான் மீசைப் படத்தைத்தான் கொடுத்தேன். பேப்பர் வந்த காலையிலிருந்து போன் அடித்தது. வத்தளையிலிருந்து ஒரு ஆள். "அக்கா, பப்படம் அண்ணன்ட ப்ரோக்ராம் எத்தன மணிக்கு?" "மூணு மணிக்குத் தம்பி, பொரளை கனத்தையில." "ஓப்பன் எயாரா? மழை வந்தா?" "மழை வந்தாலும் எரிச்சிருவாங்க தம்பி" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "நீங்களும் அண்ணன் மாதிரியே பகிடி போடுறீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். சாப்பாட்டுப் பார்சலும் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வாடகை வான் பிடித்து வந்து இறங்கினார். பெட்டியைக் கண்ட பிறகும் போகவில்லை, கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செத்த ஆள் எழும்பித் தேத்தண்ணி கேட்கிற பகிடி என்னுடைய மனிசன் ஊர் ஊராகப் போட்டதுதானே. அதனால் பந்தலில் அழுகை சரியாக வரவில்லை ஐயா. ஒப்பாரி வைக்க வந்த மஸ்கெலியாச் சித்தி கூட பாதியில் நிறுத்திவிட்டு அவர் முகத்தை எட்டிப் பார்த்தார். அந்த வத்தளை ஆளின் பிள்ளை, "அம்மா, மாமா இன்னும் எழும்பேல்லையே" என்றது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூடி போடும்வரை பார்த்தேன்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். "வீட்டிலயும் ஒரே பகிடிதானே அக்கா, ஒண்டு சொல்லுங்களேன்." எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா. வீட்டில் அவர் வாய் திறப்பதே குறைவு. வந்ததும் மீசையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பசை பட்ட மேலுதடு தடித்துச் சிவந்திருக்கும், தேங்காய் எண்ணெய் பூசிவிடுவேன். "சோறிருக்கா?" "இருக்கு." அவ்வளவுதான் கதை. பிறகு ரெண்டு பேரும் சன்னலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். இதைச் சொன்னால் வந்தவர்கள் ஏமாந்து போய் எழும்பிவிடுகிறார்கள். சன்னலடியில் இப்போது ஒரு கதிரை போதும், மற்றதில் உடுப்பு மடித்து வைக்கிறேன்.

எண்ணெய் பூசின அந்த முகத்தைத்தான் கேட்கிறேன். முன்பு கண்ணை மூடினால் வரும். இப்போது மீசை முந்திக்கொண்டு வருகிறது. சுவரில் மாட்டின படத்துக்கு விளக்கு வைக்கப் போனால் மாலைக்குள்ளிருந்து கண்ணடிக்கிறார், எனக்குக் கும்பிட வரவில்லை. பிள்ளை குட்டி இருந்தாலாவது ஒரு சாடை பார்க்கலாம், அதுவும் இல்லை. உங்கள் ஆட்கள் எத்தனை தரம் வந்து படம் பிடித்தார்கள். அவர் அசந்த நேரம் ஒன்று அகப்பட்டிருக்காதா? பழைய பெட்டிகளில் தேடச் சொல்லுங்கள் ஐயா.

உங்களுக்கும் உங்கள் சம்சாரத்துக்கும் ஆயுசு ஒன்றாக நீளட்டும். உங்களைச் சும்மா இருக்கும்போது யாராவது ஒரு படம் பிடித்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
சி. பாக்கியலெட்சுமி

பி.கு.: உறை ஒட்டும்போது மேல்வீட்டு பைறோஸா வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அல்லாவே, எங்கட மகள்ட கலியாணத்தில எடுத்தது ஒண்டு கிடக்குதே" என்று போனில் தேடிக் காட்டினாள். சாப்பாட்டு மேசை. நான் கமராவைப் பார்த்துப் பல்லை இளிக்கிறேன். பக்கத்தில் ஒரு வயதான மனிசன், நாடியில் சோற்றுப் பருக்கை, தன்னுடைய இறைச்சித் துண்டை எடுத்து என் பீங்கானில் வைக்கிறார். கமரா இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆகையால் ஐயா, ஒன்றும் தேட வேண்டாம். இதையும் அனுப்பமாட்டேன். போட்டால் ஆள் மாறிவிட்டது என்று உங்களுக்குத்தான் போன் வரும். பேப்பரில் மீசையையே போடுங்கள், அது சனங்களுடையது. ஊருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் கொடுத்த மனிசன், இந்த முகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.