அலெக்ஸாண்டருக்கு ஒரு தட்டு ஸ்ரவிங்

ஸ்காபரோ, கனடா,
11.10.1994

அன்புத் தங்கை தவமலருக்கு,

அண்ணன் இராஜரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கே குளிரைத் தவிர எல்லாம் சுகம். லண்டனில் நீயும் மச்சானும் சுகமாயிருக்க றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாரை வேண்டுகிறேன். கார் இல்லாததால் வீட்டிலிருந்தபடியே.

போன மாரியில் உன் மச்சாள் சந்திரவதனா பனியில் வழுக்கி விழ, நான் வேலையில் நிற்க, பக்கத்து வீட்டு அலெக்ஸாண்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நான் வரும்வரை கூட இருந்தவர் என்று எழுதியிருந்தேனல்லவா? அவருக்கு முறையாக ஒரு நன்றி சொல்ல இங்கிலிஷ் வரவில்லையே என்று அன்றிலிருந்து அவளுக்கு மனவருத்தம். நேற்று நன்றி நாள் விருந்துக்கு அவர் கூப்பிட்டதும், "சமைச்சுக் குடுத்துச் சொல்லுறன்" என்று இறங்கிவிட்டாள்.

அவள் செய்தது ஸ்ரவிங் என்று, அந்த விருந்து வான்கோழியின் வயிற்றுக்குள் வைக்கிற பண்டம். காய்ந்த பேக்கரிப் பாணைப் பிய்த்து, பட்டரில் வதக்கிய வெங்காயமும் செலரியும் சேர்த்துப் பிரட்டி வேகவைப்பது. நவராத்திரி விரதமென்பதால் எங்களுடையது கோழியின் பக்கமே போகாமல் தனித் தட்டில். உன் மச்சாளோ சுவாமிக்குப் படைக்கமுன் எதையும் நாக்கில் வைக்க விடமாட்டாள். அவள் உப்புப் போட்டுவிட்டு ரெலிபோனுக்கு ஓட, மறந்துவிட்டாளாக்கும் என்று நானும் போட்டேன், பட்டரிலும் உப்பு இருக்குமென்று யார் கண்டது, சரஸ்வதிக்குப் படைத்தோம், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. விருந்துக்காரருக்கு முன் நாங்கள் கைவைப்பதா என்று அப்படியே மூடிக் கொண்டுபோனோம்.

முதல் வாயிலேயே ஆனையிறவு உப்பளம் தெரிந்தது. "நீங்களும் போட்டனீங்களே?" என்றாள் உன் மச்சாள், உதடு அசையாமல். அலெக்ஸாண்டர் முகம் சுளிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினார். "என் ஆயுளில் இப்படி ஒன்று சாப்பிட்டதில்லை" என்றார். அதில் பொய்யில்லை. உன் மச்சாள் "தாங்க் யூ" என்றாள். மேற்கொண்டு வராமல் அழுதுவிட்டாள். அவரும் கண்ணைத் துடைத்தார். இந்த ஊரில் இப்படியொரு அயல் கிடைக்க நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், தங்கச்சி.

ஆனாலும் இனி அந்த வாசலை மிதிக்க எங்களுக்கு முகமில்லை. ஆகையால் கிறிஸ்மஸ் லீவுக்கு உன்னிடம்தான் வருகிறோம். மச்சானிடம் பக்குவமாகச் சொல்லிவை. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

அன்பு அண்ணன்,
இராஜரட்ணம்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போக அலெக்ஸாண்டர் கதவைத் தட்டினார். தட்டைக் கழுவி, நிறைய அப்பிள் வைத்துக் கொண்டுவந்தார். கிறிஸ்மஸுக்கும் வரவேண்டுமாம், ஸ்ரவிங்கை மட்டும் அவரே செய்வாராம். அவர் சொல்லி முடிக்கமுன், இங்கிலிஷ் தெரியாத உன் மச்சாள் "யேஸ், யேஸ்" என்றுவிட்டாள். மச்சானிடம் ஒன்றும் சொல்லாதே.