இரண்டு நிமிடத்தில் முடிந்த நாடகம்

எனக்கு நடிக்க வராது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. டேவான் மண்டபம் நிறைய ஜனம் பார்த்த விஷயத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஐந்து வருடத்துக்கு முன், கெடாவில் பாடாங் மேஹா பக்கம் எங்கள் எஸ்டேட் தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் பதினாறு, பதினேழு வயது. சாமான் ஏற்ற என்னிடம் வேன் இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். (அதுதான் என் கலைத்தகுதி.) ஒரு நாள் குழுவின் இயக்குநர் யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்கிள், அப்பா வேஷத்துக்கு ஆளு இல்ல லா. உங்களுக்குத் தொப்பை இருக்கு, அது போதும்."

கதை இதுதான். நாட்டின் தென்கோடியில் ஜொகூரில் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்த கடிதத்தை மகள் காட்டுவாள். அப்பா முடியாது என்பார். அதற்குப் பிறகு, பார்க்க வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் மேடையேறி மகளுக்காகப் பேசிப் பார்க்கலாம். நான் நாற்பது நிமிடம் மறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மகளாக நடித்த தர்ஷினிக்கு நிஜமாகவே அப்படி ஒரு கடிதம் வந்திருந்தது. பதில் சொல்ல ஒரு வாரம்தான் பாக்கி. இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அவள் அப்பா மணியம் அண்ணனைத் தவிர. லாரி ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனாலும் அவரிடம் எதையும் கேட்க யாருக்கும் நாக்கு எழாது. நாடகத்தைப் பார்த்தாவது மனம் இளகட்டும் என்று பிள்ளைகள் போட்ட திட்டம் இது. அந்த வயதில் நான் என் அப்பாவிடம் சைக்கிள் கேட்கவே மூன்று மாதம் பயந்தவன். இவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒத்திகையில் நான் சிங்கம். நான் "முடியாது" என்று கத்தியதில் டேவானில் குடியிருந்த பூனை வேறு இடம் தேடிப் போய்விட்டது.

நாடகத்தன்று மாலை மணியம் அண்ணன் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தர்ஷினி கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நான் போய்ப் படிக்கட்டுமா? பயமாத்தான் இருக்கு. ஆனா போகணும்பா."

ஒத்திகையில் அவள் இப்படிப் பேசியதே இல்லை. குரல் நடுங்கியது, கண் மட்டும் தாழவில்லை. என் வாய் என்னைக் கேட்காமலே, "சரிம்மா, போ" என்றது.

நாடகம் முடிந்துவிட்டது. ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். யாழினி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிள்ளைகளின் இரண்டு மாத உழைப்பையும் ஒரு பெண்ணின் படிப்பையும் ஒரே வார்த்தையில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு நான் மரம் மாதிரி நின்றேன்.

தர்ஷினி அசரவில்லை. என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஜனங்களைப் பார்த்தாள்.

"இந்த அப்பா சரியில்ல. நம்ம தோட்டத்துல எந்த அப்பா இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்லுவாரு? தெரிஞ்சவங்க வந்து செஞ்சு காட்டுங்க."

எழுந்தவர் மணியம் அண்ணன். என் நடிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"தள்ளிக்குங்க தம்பி. அப்பான்னா இப்படியா இருப்பாரு?" என்று என் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"ஜொகூரு எவ்வளவு தூரம்னு தெரியுமா? அங்க நமக்கு யாரு இருக்கா? காய்ச்சல்னா யாரு பார்ப்பா?"

தர்ஷினி நிதானமாகப் பதில் சொன்னாள். ஹாஸ்டல் எங்கே, எந்த பஸ்ஸில் போவது, கூட யார் போகிறார்கள், கிளினிக் எத்தனை தூரம், எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கப் பயந்த பெண், தோட்டமே பார்க்க அப்பாவுக்கு நேருக்கு நேர் நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. (என்னமோ நான் பெற்ற பிள்ளை மாதிரி.)

அவரிடம் கேள்விகள் தீர்ந்தன. கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். அவள் கொண்டுவந்திருந்தது அசல் கடிதம், அவள் பெயர் போட்டது. அந்தப் பெயரைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பஸ்ஸெல்லாம் வேணாம்" என்றார். "நானே கொண்டுபோய் விடறேன்."

தர்ஷினி படிப்பை முடித்து இப்போது ஜொகூரிலேயே வேலை பார்க்கிறாள். மாட்டிக்கொண்டது நான்தான். போன வாரம் என் மகள் தோழிகளோடு கோலா கெடாவில் ஃபெரி ஏறி லங்காவித் தீவுக்குப் போக வேண்டும் என்றாள். யோசிக்கிறேன் என்றேன்.

"யாரு பொண்ணுக்கோ ரெண்டு நிமிஷத்துல சரி சொன்னீங்க. எனக்கு மட்டும் யோசனையாப்பா?"

மறுப்பது எப்படி என்று மணியம் அண்ணனிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் சிரித்துவிட்டார்.

"என்னையா கேக்குறீங்க? நான் உங்களவிட ஒரு அஞ்சு நிமிஷம் கூடுதலாத் தாங்குனேன், அவ்வளவுதான்."