குழாயைத் திறந்த பூனை

"கண்ணு, இந்த அப்பாவை மட்டும் எடுத்துடலாமா?"

இரண்டாம் வகுப்பு டீச்சர் குரலில் தேனைத் தடவிக் கேட்டாள். கட்டெறும்பு அசையவில்லை. வகுப்பு வைத்த பெயர் அது. பிடித்தால் விடமாட்டாள்.

"எதுக்கு மிஸ்? கண்ணால பாத்ததை மட்டும் எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள்தான். ஒரு மாதமாகத் தொண்டை வற்றச் சொன்னாள். வீட்டில் நடந்த ஒரே ஒரு சின்ன விஷயம். ஐந்து வரி. நாளைக் காலை பெற்றோர் வருகிறார்கள். இருபத்தொன்பது கதைகள் சுவரில் ஏறிவிட்டன. முப்பதாவது இது:

'அப்பா பாத்ரூமில் அழுதார். சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நான் கதவு இடுக்கில் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது.'

வகுப்பிலேயே நல்ல கதை. அதுதான் வம்பு. ஒரு மனுஷனின் மானத்தைப் பசை தடவிச் சுவரில் ஒட்டுவதா?

டீச்சர் ரப்பரை எடுத்தாள். அதை அப்போதே ஜன்னல் வழியாக வீசியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். 'அப்பா' போய், 'பக்கத்து வீட்டு மாமா' வந்தார்.

ஹெச்.எம். எட்டிப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"ஏங்க, பக்கத்து வீட்டுக்காரர் இவங்க பாத்ரூம்ல எதுக்கு அழணும்? குடும்பத்தைப் பிரிச்சுடுவீங்க போலிருக்கே!"

"தாத்தான்னு போட்டுடவா மேடம்?"

"தாத்தா செத்துப் போயிட்டாரு மிஸ்" என்றது கட்டெறும்பு.

"பேய்க் கதையே ஆயிடுச்சு" என்று ஹெச்.எம். தலையில் கைவைத்தார்.

"பூனை!" என்றாள் டீச்சர்.

"எங்க வீட்ல பூனையே இல்லையே மிஸ்."

"இருக்குன்னு நெனச்சுக்கோ."

"பூனை எப்படிக் குழாயைத் திறக்கும்?"

"அது கெட்டிக்காரப் பூனை."

மறுபடி அழித்ததில் தாள் கிழியாத குறை. பூனை ஏறியது. கட்டெறும்பு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா இதைப் படிப்பாங்களா மிஸ்?"

"படிச்சு விழுந்து விழுந்து சிரிப்பாங்க, பாரேன்."

அப்படியே நடந்தது. மறுநாள் அந்தக் கதைக்கு முன்னால்தான் கூட்டம். தோளில் பயணப் பையோடு வந்த அம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மகளை முத்தமிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுடா" என்று விறுவிறுவெனப் போய்விட்டாள்.

கட்டெறும்பு சிரிக்கவில்லை.

அதுவரை வாசலோரம் ஒதுங்கி நின்ற அப்பா உள்ளே வந்தார். ஐந்து வரியையும் படித்தார். மறுபடி படித்தார்.

டீச்சர் அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார். உங்க மானம் போகக் கூடாதேன்னு நான்தான் மாத்தினேன்."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ கோவிச்சுக்கிட்டுப் போய் எட்டு மாசம் ஆச்சு டீச்சர்... நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல, அம்மா வந்து படிக்கட்டும்னு நான்தான் பாப்பாவை எழுதச் சொன்னேன்."