ஒன்பது மொழிகளையும் நிறுத்திய ஒரு வரி

அன்பும் மரியாதையும் கலந்து மைத்துனர் அவர்களுக்கு எழுதுவது,

நானும் உங்கள் தங்கையும் இங்கே சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்காமல் நேராகவே இறங்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் உங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, பல் டாக்டரான உங்கள் மகனைப் பற்றிப் பேசி முடித்த கையோடு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, உங்க பொண்ணு என்னதான் வேலை பார்க்கிறா? வெப்சைட்டுதானே, அதை இப்பல்லாம் போன்லயே போட்டுடறாங்களே" என்று கேட்டீர்கள். கையிலிருந்த பிஸ்கட்டைத் தேநீரில் தேவைக்கு மேல் முக்கி, அது உள்ளே விழுந்து, அதைக் கரண்டியால் தேடுகிற சாக்கில் தப்பித்தேன். இப்போது பதில் கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள் போடுவது போனில் போடுகிற வெப்சைட் அல்ல. பதினான்கு கிளைகள் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மொழிகளில் இணையதளம் கட்டுகிறாள். அதற்கென்றே பெரிய நிறுவனங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் என்பதால் எனக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள்: பக்கத்தின் சட்டம் ஒன்றுதான், அதற்குள் எந்த மொழியின் எழுத்தைக் கோத்தாலும் பக்கம் நிற்க வேண்டும். அரபிக்கு மட்டும் பக்கம் முழுவதும் வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்ளும், அம்புக்குறிகூடத் திரும்பிப் பார்க்கும். இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள், நான்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

தமிழை ஒரு மொழிபெயர்ப்புக் கம்பெனி செய்து அனுப்பியிருந்தது. "அப்பா, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று என்னையும் அந்த மென்பொருளுக்குள் நுழைய வைத்தாள். முதல் பக்கமே 'வீடு' என்று ஆரம்பித்தது, ஆங்கிலத்து 'ஹோம்', அதாவது முகப்பாம். அறுவைச் சிகிச்சை அறை 'இயக்க நாடக அரங்கு' ஆகி இரண்டாம் மாடிக்குப் போயிருந்தது. பிரசவ வார்டுக்குத் 'தொழிலாளர் வார்டு' என்று பெயரிட்டு, 'தொழிலாளருடன் ஓர் உறவினர் தங்கலாம்' என்று அனுமதியும் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் திருத்தினேன். 'முன்பதிவு' என்று மொட்டையாக நின்ற பட்டனை மட்டும் மரியாதையாக 'தயவுசெய்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று மாற்றினேன். பட்டன் நீண்டு, பக்கத்திலிருந்த இருதய டாக்டரின் படத்தின் மேல் ஏறி, அவர் முகத்தை மூக்கு வரை மறைத்துவிட்டது. அவர் போன் செய்து, தன்னை ஏன் திருடன் மாதிரி காட்டுகிறீர்கள் என்று கேட்டாராம். அன்று மாலை மகள் என்னிடம் கோபப்படவில்லை. "அப்பா, பட்டன்ல மரியாதைக்கு இடமில்லப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன், அதையும் மறைக்கவில்லை. 'வீடு' என்பதை 'முகப்பு' என்று மாற்றினேன் அல்லவா, அதைத் தமிழுக்குரிய இடத்தில் மாற்றாமல் எல்லா மொழிக்கும் பொதுவான இடத்தில் மாற்றி, வெளியிடு என்ற பட்டனையும் அழுத்திவிட்டேன். ஒன்பது மொழியிலும் 'முகப்பு' வந்து உட்கார்ந்துகொண்டது. நல்ல வேளையாக அது சோதனைத் தளம்தான், ஊருக்குத் திறக்கவில்லை. கெட்ட வேளையாக அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி நிர்வாக இயக்குநர் அரபிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வலது மூலையில் நம் 'முகப்பு' கம்பீரமாக நின்றது என்று, மகள் திட்டப்போகிறவளைப் போல ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டாள். பழைய நிலைக்குக் கொண்டுவர அவளுக்கு நாலே நிமிடம்தான் ஆனது.

இனிதான் விஷயம். புதன்கிழமை பத்து மணிக்குத் திறப்பு விழா, அழைப்பிதழ் எல்லோருக்கும் போயாயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம், அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான குறிப்புகளில் ஒரு வரி கண்ணில் பட்டது: 'அறுவை சிகிச்சைக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பிடவும், குடிக்கவும்.' மைத்துனரே, வெறும் வயிற்றோடு வரவேண்டிய இடம் அது. உடனே போன் போட்டோம். அவள் இயக்குநரின் அறையில் கூட்டத்தில் இருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். ஆங்கிலத்தில் 'கூடாது' என்பது சிவப்பில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று யாரோ அந்த வரியை இரண்டாக வெட்டி, இரண்டு பெட்டியில் போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்க்கப் போனது இரண்டாம் பெட்டி மட்டும். 'கூடாது' இருந்த முதல் பெட்டி காலி. தமிழில் மட்டுமா? பார்த்தால் ஆறு மொழியில் காலி.

அதன்பின் அந்த அறையில் நடந்ததை அவள் சொல்லவில்லை, அவளோடு வேலை பார்க்கும் பெண் சொல்லித்தான் தெரியும். இயக்குநர் நாளைக்குத் திறந்துவிடுவோம், குறிப்புகளை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம், அந்த ஆறு மொழியையும் வேண்டுமானால் இப்போதைக்கு எடுத்துவிடு என்றாராம். எடுத்தால் அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து நிற்கும், ஆங்கிலம் தெரியாதவர் யாரிடம் கேட்பார் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் மேஜைமேல் இருந்த அழைப்பிதழை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"ஒருத்தர் இதை நம்பிச் சாப்பிட்டுட்டு வந்து படுத்தார்னா என்ன சார் செய்வோம்? திறக்கலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றிருக்கிறாள்.

வேலையே போயிருக்கலாம். சின்ன வயதில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட என் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளை அது.

விழா தள்ளிப்போனது. அடுத்த ஐந்து நாள் அவள் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒன்பது மேஜை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மொழிக்காரரை உட்கார வைத்தாள். நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், ரத்தம் எடுக்கிறவர், தரை துடைக்கிற அம்மா என்று தங்கள் தங்கள் மொழியில் ஒவ்வொரு குறிப்பையும் சத்தமாக வாசித்தார்கள். தமிழ் மேஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாள். தரை துடைக்கிற அம்மா, மாத்திரைக் குறிப்பில் 'தினமும்' என்பது 'தினமும் ஒருமுறை' என்று இருக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார். கடைசி நாளில் இயக்குநரே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய தாய்மொழிப் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார். எழுந்து போகும்போது அவளிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். "தேங்க்ஸ் சொன்னார்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

தளம் திறந்தாயிற்று. என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அடுத்த முறை யாராவது கேட்டால், இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் நிதானமாக வாசித்துக் காட்டவும். அந்த வரியைக் கண்டுபிடித்தது அவள் அப்பா என்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசிக்கலாம், தற்பெருமைக்காகச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பல் டாக்டருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எங்கள் ஆஸ்பத்திரித் தளத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே வராமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: அண்ணா, உறையை ஒட்டும் முன் நான் வாசித்துவிட்டேன். இவர் கண்ணாடியின் மேல் இவரே உட்கார்ந்து உடைத்துவிட்டதால் அன்றைக்குப் பக்கங்களைச் சத்தமாக வாசித்தது நான். அந்த வரியை வாசித்ததும், 'அறுவை'க்கு அப்புறம் 'ச்' வேண்டும் என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகச் சொன்னார். "ஏங்க, சாப்பிட்டுட்டா ஆபரேஷனுக்குப் போவாங்க?" என்று கேட்டது நான். போன் போட்டதும் நான். தளத்தின் கடைசிப் பக்கத்தில் தமிழ் சரிபார்ப்பு என்று போட்டு, என் பெயரை முதலிலும் இவர் பெயரை அதற்குக் கீழேயும் போட்டிருக்கிறாள் நம் பெண். நேற்று இவர் உள்ளே புகுந்து வரிசையை மாற்றப் பார்த்தார். உங்களுக்கு வாசிக்க மட்டுமே அனுமதி என்று திரையில் சுத்தமான தமிழில் வந்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை என்று அதையும் பாராட்டிவிட்டுத்தான் எழுந்தார்.