தண்ணி லாரிக்காரனின் நெஞ்சுப் படம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என் நலம் உன் அக்காவின் கட்டுக்காவலில் இருக்கிறது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குப் போகிற எனக்குத் தண்ணீர் அளவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மருந்து மூடியிலா ஊற்றித் தருவது? காலம் பூரா தண்ணி லாரி ஓட்டினவன் நான்! போன வாரம் படுத்தா மூச்சு முட்டுச்சு. உட்கார்ந்தபடியே கண்ணசந்தேன். ஃபேன் காத்துல சளி பிடிச்சிருக்குன்னேன். உன் அக்கா கேட்டாத்தானே? ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டா. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும்னாங்க. சில்லுன்னு ஒரு பலகையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிட்டு, எக்ஸ்ரேக்காரர் கண்ணாடிக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டு, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க"ங்கறார். "அது முடிஞ்சா நான் ஏன்யா இங்க வரேன்?"னேன். பேசினதுல படம் ஆடிப்போச்சு. மறுபடியும் கட்டிப்பிடி!

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சுப் பாத்தாங்க. கறுப்பா இருக்க வேண்டிய நுரையீரல், மாவு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. "கேன்சராம்மா?"ன்னேன். "இல்லீங்க, தண்ணி. வெளியேற வழியில்லாம நுரையீரல்ல கோத்திருக்கு. எவ்வளவு குடிச்சீங்க?" "அளவாத்தாம்மா." உன் அக்கா என்னையே பாத்தா. "ஐஸ்கட்டி?"ன்னா. "அது கெட்டியால்ல இருக்கு, தண்ணிக் கணக்குல எப்படி வரும்?"னேன். டாக்டரம்மாவே சிரிச்சுட்டாங்க. உன் அக்கா சிரிக்கல. கையோட மிஷின்ல போட்டு நீரை இழுத்தாங்க. மறுநாள் இன்னொரு படம். நுரையீரல் பளிச்சுனு தெளிவாயிடுச்சு. அன்னைக்குத்தான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன் மச்சான்.

இப்ப ஐஸ் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போயாச்சு. பல் விளக்கினாக்கூட, கொப்பளிச்சதைத் துப்பினேனான்னு நின்னு பாக்கறா. நீ உடனே வந்து இவளைக் கண்டிச்சு, தினம் ஒரு டம்ளராவது கூடுதலா வாங்கித் தரணும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நாக்கு வறண்ட அத்தான்

பி.கு.: மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு. கவருக்குப் பசை தேடி அடுப்படிக்குப் போனேன். உன் அக்கா கதவுக்குப் பின்னால நின்னு, சத்தம் வராம தண்ணி குடிச்சிட்டிருந்தா. என் கண்ணுல படக் கூடாதாம். டயாலிசிஸ் ஆரம்பிச்சதுலேருந்தே இப்படித்தானாம். நீ வந்து கண்டிக்க வேண்டியது இதுக்குத்தான். என் எதிர்ல உட்கார்ந்து வயிறாரக் குடிக்கச் சொல்லு. நான் சொன்னா அழறா.