கேட்டால் கிடைக்காத புதினா

திருடன் வரவில்லையே என்று கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாலக்கோட்டு டின் கம்பவுண்டர்.

ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவது அவர் உத்தியோகம். புதினா வளர்ப்பது அவர் உயிர். மண்ணெண்ணெய் டின், ஓட்டைச் சருவம், பிஸ்கட் டப்பா, எந்தத் துரையோ தூக்கிப் போட்ட தொப்பி, எல்லாவற்றிலும் புதினா. ஒவ்வொன்றிலும் மருந்துப் புட்டிக்கு ஒட்டுகிற மாதிரி ஒரு சீட்டு: ‘தினம் இரண்டு வேளை தண்ணீர். குலுக்கக் கூடாது.’

“தரையில நட்டா என்னங்க?” என்று கேட்டேன்.

“கெட்டுது போங்க! நாலே நாள்ல வூட்டுக்குள்ள பூந்து என் கட்டில்ல படுத்துக்கும்.”

அது யுத்தகாலம். நான் தபாலாபீஸ் குமாஸ்தா, புதுக் குடித்தனம். என் மனைவி கமலாவுக்கு மசக்கை. புதினாத் துவையலைத் தவிர எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. வீட்டிலேயே வளர்க்கலாமென்று, ஒரு கொத்து வேர் வேண்டுமெனக் கம்பவுண்டரிடம் போய்ப் பல்லிளித்தேன்.

“கேட்டு வாங்குனா தழைக்காதுங்க. திருடி வெச்சாத்தான் தழைக்கும். நான் பாக்கல” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“கவர்மெண்ட் உத்தியோகமுங்க, நான் போயி எப்படி...”

“இன்னுமா திருடல? கழுத்து வலிக்குதுங்க!”

திருடினேன். தெரு முழுக்க இப்படித் திருடிய புதினாதான் என்பது பிறகு தெரிந்தது. அந்தச் சட்டம் போட்டவள் அவருடைய மனைவி. ஓசூரில் ஏதோ பங்களாவில் கிள்ளி, இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து அவள் நட்ட காம்புதான் எல்லாவற்றுக்கும் மூலம். அவள் கண்ணை மூடி எட்டு வருஷமாகியிருந்தது.

அந்தச் சித்திரையில் அவருக்கு முறைக்காய்ச்சல். சேலத்துத் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டவர், செடிகளை என்னிடம் ஒப்படைத்தார். “படலைச் சாத்திராதீங்க. திருட வர்றவங்க ஏமாந்து போவாங்க.”

சாத்தவில்லை. புதினாவை ஆடு தொடாது என்று நினைத்தது என் படிப்பு. காரிமங்கலம் சந்தைக்குப் போன ஆட்டு மந்தை படித்ததல்ல. நான் இரண்டு நாள் தர்மபுரி போய்த் திரும்புவதற்குள், டின்னையெல்லாம் உருட்டி வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. மிச்சத்தை வெயில் முடித்தது. பாழாய்ப்போன என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் திரும்பி வந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. “ஆடு திங்குறதுதானுங்க” என்று சொல்லிவிட்டுக் காலி டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“எங்க வூட்ல இருக்கறதும் அதே வேருதானுங்க. கொண்டாரட்டுங்களா?”

“குடுத்தா புடிக்காதுங்க. அவ சொல்லியிருக்கா.”

“அப்ப நீங்க வந்து திருடுங்க!”

“கவர்மெண்ட் உத்தியோகத்துல இருந்துக்கிட்டு, நான் திருடறதா?”

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் கமலா, நிறைமாத வயிற்றோடு, வீடு வீடாகப் போய் ஏற்பாடு செய்தாள். சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நேரத்துக்கு, ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதினா டின். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை.

ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார். டின் டின்னாகப் பார்த்துக்கொண்டே நடந்தவர், எங்கள் வாசலில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, வூட்ல யாரும் இல்லீங்களா?”

“யாருமே இல்லீங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் கமலா.

குனிந்து ஒரு கொத்தை வேரோடு எடுத்தார். நேராக நடந்து போகாமல், பக்காத் திருடன் மாதிரி மடியில் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயசில், அந்தக் காய்ச்சல் உடம்போடு! எனக்குச் சிரிப்பு வந்தது. கமலா அழுதுவிட்டாள்.

கம்பவுண்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. எங்கள் வாசல் டின்னில் இன்றும் புதினா இருக்கிறது. படலை நாங்கள் சாத்துவதில்லை. ஆடு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.