துண்டுக்கு அடியில் ஓட்டு

ரகசிய ஓட்டு என்றால், அதிகாரியின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து விரலை அமுக்குவது என்று நான் மனதார நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். (சிரித்தாலும் பரவாயில்லை. என் வீட்டில் இன்னும் சிரித்து முடியவில்லை.)

அப்போது தூத்துக்குடியில் ஒரு சங்குத் தரகரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கானாலும் முத்தானாலும் எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். உள்ளே இந்த விரலைப் பிடித்தால் ஒரு விலை, அந்த விரலைப் பிடித்தால் இன்னொரு விலை. வெளியே வாய் மட்டும் கச்சான் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு மண்ணும் புரியாது. ரகசியத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே செய்முறை அதுதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு மாகாணத் தேர்தல் வந்தது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவருக்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரியும் என்று மனுப் போட்டவருக்கும் உண்டு. நான் மனுப் போட்டேன், பெயர் ஏறிவிட்டது. எங்கள் வளவில் இருந்த அத்தனை குடித்தனத்துக்கும் சேர்த்து ஓட்டு உள்ளவன் நான் ஒருவன்தான். ஒரு வாரம் முதலாளிக்குக்கூட நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

நின்ற மூன்று பேரில் ஒருவர், எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். தினமும் உச்சி வெயிலில் குடத்தோடு அலைந்துகொண்டிருந்த என் மனைவி தங்கத்துக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

"வளவுக்கே ஒரு ஓட்டு. கோட்டை விட்டுட்டு வந்தியன்னா அப்புறம் இருக்கு உங்களுக்கு," என்றாள்.

குழாய்க்காரரின் ஆள் வந்து, அவர் பெயரும் என் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் திணித்தார். "தம்பி, இது ரகசிய ஓட்டு, பாத்துக்கிடும். வாயைத் தொறக்கப்பிடாது."

"எனக்கா சொல்லுதிய?" என்று சிரித்தேன்.

நின்ற மூன்று பேர் வரிசையில் நம் ஆள் இரண்டாவது. ஆகவே இரண்டாவது விரல். முதல் நாள் தங்கத்தின் கையைப் பிடித்து ஒத்திகைகூடப் பார்த்தேன். ("மெள்ள, வளையல் உடையுது!")

ஓட்டுப் போடுகிற இடம் ஒரு பள்ளிக்கூடம். அதிகாரி நாசரேத்துப் பக்கத்து வாத்தியார். கோட்டும் டையும் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த சீட்டில் நம்பரைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தைக் கிழித்து நீட்டினார். ரசீதை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள் போல என்று அதைத் துண்டின் மடிப்பில் செருகிக்கொண்டேன். பிறகு அவர் கையை லபக்கென்று பிடித்தேன். துண்டின் மறுமுனையை மேலே போட்டேன். இரண்டாவது விரலை அமுக்கினேன்.

"காத்து இன்னைக்குக் கொஞ்சம் பலமா இருக்கு, சார்," என்றேன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"என்ன வே செய்யுதீரு? கையை விடும்!"

பெரிய வியாபாரிகள் விலை படிவதற்கு முன் ஒரு தடவை இப்படி உதறத்தான் செய்வார்கள். இன்னும் பலமாக அமுக்கினேன். அவர் இழுத்தார். நான் இழுத்தேன். என் கையோடு ஏதோ கழன்று வந்தது. மேசையில் விழுந்து உருண்டது, தங்க மோதிரம்!

"ஏலே! மோதிரமா உருவுத?" போலீஸ்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பாளையங்கோட்டை ஜெயில் கதவு திறக்கிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

"ஐயோ சார், நான் ரெண்டாவது விரலைத்தான்... ரெண்டாவது ஆளுக்கு..."

"சொல்லாதேயும்! ரகசியம் வே, ரகசியம்!" என்று அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு முத்து வியாபாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. "ஏலே, என்ன விலைக்குல முடிஞ்சுது?" என்று ஒரு குரல் விட்டார். வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அதிகாரி மோதிரத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "சோப்புப் போட்டும் கழலாத கல்யாண மோதிரம் வே இது," என்றார். கோபமா, நன்றியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு, "அவரை விடும்," என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "திரைக்குப் பின்னால ஆளுக்கொரு பெட்டி இருக்கு. பேப்பரை அங்கன போட்டுட்டு ஓடிப்போயிரும்."

உள்ளே மூன்று நிறத்தில் மூன்று பெட்டிகள். நம் ஆளின் பெயர் ஒட்டியிருந்தது பச்சைப் பெட்டியில். கைக்குள் கசங்கிக் கிடந்த காகிதத்தைப் பச்சைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வீடுவரை ஓடினேன்.

வளவே வாசலில் நின்றது. "போட்டியளா?" என்றாள் தங்கம்.

"நம்ம ஆளு பச்சைப் பெட்டியிலதான்!"

வியர்வையில் நனைந்து தொங்கிய துண்டை வாங்கி உதறினாள். மடிப்பிலிருந்து சர்க்கார் முத்திரை போட்ட காகிதம் ஒன்று தரையில் விழுந்தது.

"இது என்னது?"

நான் குழாய்க்காரரின் சீட்டைத் தேடி இடுப்பைத் தடவினேன், சட்டைப் பையைத் தடவினேன். காணோம்.

"அப்ப பெட்டிக்குள்ள என்னத்தப் போட்டிய?"

நான் கூரையைப் பார்த்தேன். காற்றைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு யோசனை. அவள் குடத்தை எடுத்து என் இடுப்பில் வைத்தாள்.

இப்போது அவளுக்கும் ஓட்டு உண்டு, பிள்ளைகளுக்கும் உண்டு. ஒவ்வொரு தேர்தலிலும் நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி என் துண்டை வாங்கி உதறிப் பார்க்கிறார்கள். போன தடவை சம்பந்தி வீட்டாரையும் உட்கார வைத்துக் காட்டினார்கள்.

அந்தத் தேர்தலில் எங்கள் வளவின் ஓட்டு யாருக்கும் விழவில்லை. குழாய்க்காரர் அமோகமாக ஜெயித்தார். குழாய் வரவில்லை.